கல்லீரல் நோய்ச் செவிலியர் சங்கங்களில் தன்னார்வத் தலைமை: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஊதியம் பெறாமல் சங்கப் பொறுப்பேற்று உழைப்பது செவிலியர் தொழில் வரலாற்றில் நெடுங்கால மரபாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவில் தோன்றிய முதல் செவிலியர் சங்கம் தொடங்கி, இன்றைய கல்லீரல் நோய்ச் செவிலியர் சங்கங்கள் வரை இம்மரபு தொடர்கின்றது. எனினும் ‘தன்னார்வம்’ என்னும் சொல் சுட்டும் சமூக நிலை இடைக்காலத்தில் முற்றிலும் மாறியுள்ளது. தொடக்கத்தில் ஊதியப் பணியிலிருந்து விலகிய வசதியுடையோர் தலைமையேற்றனர். இன்றோ முழுநேரப் பணியிலிருக்கும் செவிலியர் தம் ஓய்வு நேரத்தை அளித்துத் தலைமையேற்கின்றனர். இம்மாற்றத்தின் காரணங்களையும் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

செவிலியர் சங்கம், தன்னார்வத் தலைமை, கல்லீரல் நோய், செவிலியர் பதிவேடு, சிறப்புச் செவிலியர், தகுதி வரையறை.

1. முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்லீரல் மருத்துவமும் இதற்கு விலக்கன்று. நச்சுயிரிகளைக் கண்டறிந்தோர், உறுப்பு மாற்று அறுவையைத் தொடங்கியோர், மருந்துகளை உருவாக்கியோர் ஆகியோரின் பெயர்கள் நிலைபெற்றுள்ளன. அக்கண்டுபிடிப்புகளை நோயாளியின் படுக்கையருகே கொண்டுசேர்த்த செவிலியரின் பங்களிப்பு அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. அச்செவிலியர் தமக்கெனச் சங்கங்களை அமைத்து, அவற்றை ஊதியமின்றி நடத்தி, தம் துறையின் தகுதி எல்லைகளைத் தாமே வகுத்துக்கொண்ட வரலாறு அதைவிடக் குறைவாகவே பேசப்பட்டுள்ளது.

சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் ஊதியமின்றி உழைப்பதைத் தொண்டு என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அத்தொண்டுக்குரிய நேரம் எங்கிருந்து வந்தது, அதற்கான செலவை யார் ஏற்றனர், யாரால் அதைச் செய்ய இயன்றது, யாரால் இயலவில்லை என்னும் வினாக்கள் வரலாற்று ஆய்வுக்குரியவை. இவ்வினாக்களை முன்வைத்துச் செவிலியர் சங்கங்களின் வரலாற்றை இக்கட்டுரை அணுகுகிறது. பிரித்தானிய அனுபவம் முதன்மையாகவும், அமெரிக்க, ஆஸ்திரேலிய அனுபவங்கள் துணையாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

2. பதிவேட்டுக்கான போராட்டமும் வசதியுடையோர் தலைமையும்

1887இல் இலண்டனில் பிரிட்டிஷ் செவிலியர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. இதன் மூலவர் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் ஆவார். 1857இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், 1881இல் தம் 24ஆம் வயதில் இலண்டன் புனித பார்த்தலோமியூ மருத்துவமனையின் மேட்ரன் பொறுப்பை ஏற்றார். 1887இல் மருத்துவர் பெட்ஃபோர்ட் ஃபென்விக்கை மணந்தபின் அப்பணியிலிருந்து விலகினார். அவர் பணி விலகிய ஆண்டும் சங்கம் தோன்றிய ஆண்டும் ஒன்றாக அமைந்தமை கருதத்தக்கது. மருத்துவரின் மனைவி என்ற நிலை அவருக்கு வருவாய்க் கவலையற்ற வாழ்வையும், உயர்குடியினருடன் பழகும் வாய்ப்பையும், சங்கப் பணிக்குரிய நேரத்தையும் அளித்தது.

பயிற்சி பெற்ற செவிலியரையும் பயிற்சியற்றோரையும் வேறுபடுத்திக் காட்டும் அரசுப் பதிவேடு ஒன்று வேண்டும் என்பதே சங்கத்தின் தலையாய கோரிக்கை. மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சியைத் தகுதியாக்க வேண்டும் என்று ஃபென்விக் வலியுறுத்தினார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதனை எதிர்த்தார். செவிலியரின் ஒழுக்கத்தையும் பண்பையும் தேர்வாலும் பட்டியலாலும் அளக்க இயலாது என்பது அவர் கருத்து. செவிலியர் பணி ஓர் அறப்பணியா, தகுதி வரையறுக்கப்பட்ட தொழிலா என்னும் விவாதமே இதன் உள்ளீடு எனலாம்.

சங்கத்துக்கு 1893இல் அரச சாசனம் கிடைத்தது. ஆயினும் அதே பத்தாண்டில் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் மருத்துவர்களின் செல்வாக்கு ஓங்கியது; ஃபென்விக் ஓரங்கட்டப்பட்டார். செவிலியர் தொடங்கிய சங்கம் மருத்துவர் கைக்குச் சென்ற இந்நிகழ்வு, பிற்காலச் செவிலியர் சங்கங்கள் எதிர்கொண்ட சிக்கலுக்கு முன்னறிவிப்பாக அமைந்தது. அவர் 1894இல் மேட்ரன்களின் மன்றத்தையும், 1902இல் அரசுப் பதிவுக்கான தனிச் சங்கத்தையும் உருவாக்கத் துணைநின்றார். 1893 முதல் செவிலியர் இதழ் ஒன்றின் ஆசிரியப் பொறுப்பையும் பல பத்தாண்டுகள் வகித்தார்.

1905இல் நாடாளுமன்றத் தெரிவுக்குழு பதிவேட்டைப் பரிந்துரைத்தபோதிலும், சட்டம் 1919இல்தான் நிறைவேறியது. பதிவேட்டின் முதல் எண் ஃபென்விக்கின் பெயருக்கே வழங்கப்பட்டது. ஆனால் பொதுச் செவிலியர் மன்றத்துக்கு நடைபெற்ற முதல் தேர்தலில் அவர் வெற்றி பெறவில்லை. 1916இல் தொடங்கப்பெற்று விரைந்து வளர்ந்த செவிலியர் கல்லூரி என்னும் அமைப்பின் ஆதரவாளர்களே அத்தேர்தலில் மேலோங்கினர். முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பதிவேட்டுக்காகப் போராடியவரைப் பதிவேட்டில் இடம்பெற்ற செவிலியரே தேர்ந்தெடுக்கவில்லை என்பது தன்னார்வத் தலைமையின் அடிப்படைச் சிக்கலை உணர்த்துகிறது. நேரமும் வசதியும் உடையோர் தலைமையேற்கும்போது, அன்றாடம் பணிபுரிவோரின் நிலையிலிருந்து அத்தலைமை விலகிநிற்க நேர்கிறது.

பதிவேட்டு இயக்கத்தின் தாக்கம் தமிழகத்தையும் எட்டியது. இந்தியாவில் 1905இல் இலக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்களின் சங்கம் தோன்றியது. 1908இல் இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் உருவாயிற்று. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டுச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் சட்டம் பதிவு முறையைக் கொணர்ந்தது.

3. மதிப்புறு செயலாளர் பதவியும் முழுநேரச் செயலாளர் பதவியும்

1899இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தின் முதல் தலைவரும் ஃபென்விக்கே. அதன் செயலாளராக அமெரிக்கச் செவிலியர் லவீனியா டாக் 1899 முதல் 1922 வரை பணியாற்றினார். 1890இல் செவிலியருக்கான மருந்தியல் நூலை எழுதிய இவர், 1907 முதல் வெளிவந்த செவிலியர் வரலாற்று நூல் தொகுதிகளின் ஆசிரியர்களுள் ஒருவரும் ஆவார். மதிப்புறு பதவியில் இருந்துகொண்டு பல நாட்டுச் சங்கங்களுடன் கடிதத் தொடர்பு பேணியும் மாநாடுகளுக்கு வழிவகுத்தும் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். குடும்பச் சொத்திலிருந்து கிடைத்த வருவாய் அவருடைய தொண்டுக்குப் பின்புலமாக இருந்தது.

அவரைத் தொடர்ந்து 1922இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியேன் ரைமான் மன்றத்தின் முதல் முழுநேரச் செயலாளரானார். 1925இல் மன்றத்தின் தலைமையகம் ஜெனீவாவில் அமைந்தது. பெரிய சங்கங்களின் வளர்ச்சியில் இது ஒரு திருப்பமாகும். உறுப்பினர் எண்ணிக்கையும் சந்தா வருவாயும் பெருகியபோது அன்றாட நிர்வாகம் முழுநேர அலுவலரிடம் சென்றது. கொள்கை வகுக்கும் பொறுப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலரிடம் நின்றது. ஆனால் உறுப்பினர் தொகை சிறிதாகவே இருக்கும் சங்கங்களுக்கு இவ்வழி திறக்கவில்லை. கல்லீரல் நோய்ச் செவிலியர் சங்கங்கள் இவ்வகையைச் சார்ந்தவை.

4. சிறப்புத்துறைச் சங்கங்களின் எழுச்சி

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவம் நுண்பிரிவுகளாகக் கிளைத்தபோது, செவிலியர் பணியும் கிளைத்தது. அமெரிக்காவில் 1969இல் இதயநாளச் செவிலியருக்கெனத் தோன்றிய சங்கம் பின்னர்த் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கமாகப் பெயர் மாறியது. 1975இல் புற்றுநோய்ச் செவிலியர் சங்கம் அமைந்தது. உறுப்பு மாற்றுச் செவிலியருக்கான பன்னாட்டுச் சங்கம் 1992இல் தோன்றியது.

இச்சங்கங்களின் தலைமை முந்தைய தலைமுறையினதிலிருந்து வேறுபட்டது. மணமானபின் பணியை விட்டு விலகும் வழக்கம் மறைந்துவந்தது. புதிய சங்கங்களைத் தொடங்கியோர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் புற்றுநோய் விடுதிகளிலும் நாள்தோறும் பணியாற்றியவர்கள். அவர்களை ஒன்றுகூட்டியது அறிவுத் தேவை. புதிய கருவிகளும் புதிய மருந்துகளும் வந்துசேர்ந்த வேகத்துக்குச் செவிலியர் கல்லூரிகளின் பாடத்திட்டம் ஈடுகொடுக்கவில்லை. எனவே ஒரு மருத்துவமனையில் கற்றதை மற்றொரு மருத்துவமனைக்கு எடுத்துச்சொல்லும் களமாகச் சங்கம் அமைந்தது.

5. கல்லீரல் மருத்துவமும் செவிலியரும்

பிரித்தானியாவில் கல்லீரல் மருத்துவம் தனித்துறையாக உருப்பெற்றதில் ஷீலா ஷெர்லாக்குக்கு முதன்மையான இடம் உண்டு. 1955இல் கல்லீரல் நோய்கள் பற்றிய பாடநூலை வெளியிட்ட இவர், 1959இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பேராசிரியரானார். 1966இல் ரோஜர் வில்லியம்ஸ் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கல்லீரல் பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் தோன்றியது. 1968இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் கல்லீரல் மாற்று அறுவையை மேற்கொண்டார். அறுவைக்குப் பிந்தைய நாள்களில் தொற்றையும் உறுப்பு மறுப்பையும் குருதிக்கசிவையும் இமைப்பொழுதும் அயராது கவனிக்கும் செவிலியர் இன்றி அத்தகைய அறுவைகள் நிலைத்திருக்க இயலாது.

இத்துறை செவிலியரின் உயிருக்கும் அச்சுறுத்தலாக இருந்தது. 1969-70இல் எடின்பரோ ராயல் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் பரவிய கல்லீரல் அழற்சியால் நோயாளிகளோடு பணியாளர்களும் உயிரிழந்தனர். 1960களில் பிளம்பர்க் கண்டறிந்த பி வகை அழற்சியின் அடையாளப் பொருள் பின்னர்த் தடுப்பூசிக்கு வழிவகுத்தது. 1980களின் தொடக்கத்தில் தடுப்பூசி நடைமுறைக்கு வந்தது. ஊசியையும் குருதியையும் நாள்தோறும் கையாளும் செவிலியருக்கு இது பணிப் பாதுகாப்பின் வரலாறுமாகும்.

செவிலியரைச் சிகிச்சையின் நடுவிடத்துக்குக் கொணர்ந்தது சி வகை அழற்சியே. இதன் நச்சுயிரி 1989இல் அடையாளம் காணப்பட்டது. 1990களின் இறுதியிலிருந்து இன்டர்ஃபெரான், ரிபாவைரின் ஆகிய மருந்துகளின் கூட்டுச் சிகிச்சை வழங்கப்பட்டது. இது பெரும்பாலும் 24 அல்லது 48 வாரங்கள் நீடிக்கும். காய்ச்சல், களைப்பு, குருதிச்சோகை, மனச்சோர்வு ஆகியவை பக்கவிளைவுகள். தற்கொலை எண்ணம் வரை செல்லக்கூடிய மனச்சோர்வைக் கண்டறிவதும், ஊசி போடக் கற்பிப்பதும், குருதி அணுக்களின் அளவைக் கண்காணிப்பதும், இடையில் விட்டுவிட நினைப்போரை நிலைநிறுத்துவதும் செவிலியரின் பொறுப்பாயின. மருத்துவரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை காணும் நோயாளி, செவிலியரை வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்தார். கல்லீரல் சிறப்புச் செவிலியர் என்னும் பதவி பல மருத்துவமனைகளில் வேரூன்றியது இச்சூழலில்தான்.

நோயின் பெருக்கமும் இப்பதவியின் தேவையை உயர்த்தியது. பிரித்தானியாவில் கல்லீரல் நோய் இறப்பு வீதம் 1970இலிருந்து 400 விழுக்காடு உயர்ந்துள்ளதாக 2014இல் ரோஜர் வில்லியம்ஸ் தலைமையிலான லான்செட் ஆணையம் சுட்டிக்காட்டியது. மதுப்பழக்கம், உடற்பருமன், நச்சுயிரி அழற்சி ஆகியவை இதன் முதன்மைக் காரணங்கள். வயிற்றில் தேங்கிய நீரை வடித்தல், கல்லீரல் விறைப்பை அளவிடுதல், மூளைத்திறன் பாதிப்பைத் தொடக்கத்திலேயே இனங்காணுதல், இறுதிக்கால ஆதரவு எனச் செவிலியரின் பணி விரிந்தது.

6. சட்டம் விட்ட இடத்தில் சங்கம்

1919ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் செவிலியருக்கான பதிவேட்டோடு, காய்ச்சல் நோய்ச் செவிலியர், மனநலச் செவிலியர், குழந்தைகள் செவிலியர் முதலியோருக்குத் துணைப் பகுதிகளையும் வகுத்திருந்தது. பிற்காலத்தில் தோன்றிய சிறப்புத்துறைகளுக்கு அத்தகைய தனிப் பகுதி அமையவில்லை. பிரித்தானியாவில் ‘செவிலியர்’ என்று பதிவு பெறச் சட்டத் தகுதி வேண்டும். ‘கல்லீரல் சிறப்புச் செவிலியர்’ என்னும் பட்டத்துக்கோ சட்டப் பாதுகாப்பு இல்லை. அப்பட்டம் எத்தகைய அறிவையும் திறனையும் குறிக்கிறது என்பதை யாரேனும் வரையறுத்தாக வேண்டியிருந்தது.

இவ்விடைவெளியை நிரப்பியது தன்னார்வ உழைப்பாகும். கல்லீரல் நோயாளிகளைப் பேணும் செவிலியருக்கான தகுதி வரையறை ஒன்றை 2013இல் செவிலியர் அரசக் கல்லூரி வெளியிட்டது. 1916இல் தொடங்கப்பெற்ற அதே கல்லூரிதான் இது. இத்தகைய ஆவணங்கள் தொடக்கநிலைச் செவிலியர் முதல் மேனிலைச் செவிலியர் வரை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவற்றைப் படிநிலைப்படுத்துகின்றன. துறையில் பணிபுரியும் செவிலியரின் அனுபவ அறிவே அவற்றின் மூலம். பிரித்தானியக் கல்லீரல் செவிலியர் சங்கம் கூட்டங்கள், பயிற்சி, கருத்துப் பரிமாற்றம் ஆகியவற்றின் வழி அவ்வறிவைத் திரட்டும் களமாக விளங்குகிறது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு இணையான சான்று கிடைக்கிறது. நேரடியாக நச்சுயிரியைத் தாக்கும் புதிய மாத்திரைகள் 2016 மார்ச்சு முதல் அந்நாட்டின் மானிய மருந்துத் திட்டத்தில் இடம்பெற்றன. பெரும்பாலோருக்கு 8 முதல் 12 வாரங்களில் நோய் குணமாகும் நிலை தோன்றியது. ஆனால் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதற்கான ஆதரவை எப்படி வழங்குவது என்னும் வினா எழுந்தது. கல்லீரல் செவிலியரைத் தம் உறுப்பினராகக் கொண்ட ஆஸ்திரலேசியக் கல்லீரலியல் சங்கம் அதே ஆண்டில் இதற்கான ஒருமித்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2017இல் மேனிலைச் செவிலியருக்கு இம்மருந்துகளை எழுதித்தரும் உரிமையும் அத்திட்டத்தில் வழங்கப்பட்டது.

1887இல் ஃபென்விக் கேட்ட வினாவும் 2013இல் கல்லீரல் செவிலியர் எதிர்கொண்ட வினாவும் ஒன்றே: தகுதியுடையவர் யார் என்பதை யார் முடிவுசெய்வது? முன்னவர் விடையைச் சட்டத்தில் தேடினார். பின்னவர் சட்டம் நுழையாத இடத்தில் தாமே விடையை எழுதினர். ஆகவே இன்றைய தன்னார்வத் தலைமையின் பொறுப்பு ஒருவகையில் முன்னையதைவிடப் பெரிதாகும்.

7. பணிநேரத்துக்கு அப்பாலான தலைமை: சிக்கல்கள்

இத்தகைய சிறு சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் பொதுவாகக் குறிப்பிட்ட காலத்துக்கு உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆண்டுக் கூட்டத்தை ஒழுங்குசெய்தல், பயிற்சி நாள்களை நடத்துதல், அரசின் கருத்துக்கேட்புகளுக்கு மறுமொழி எழுதுதல், கணக்குகளைப் பேணுதல் ஆகியவை அவர்களின் பணிகள். பகலில் நோயாளிகளைக் கண்டு, மாலையில் சங்கக் கடிதங்களை எழுதும் வாழ்வு அவர்களுடையது. இதனால் மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, நேரத்தின் மூலம் பற்றியது. ஃபென்விக்கின் நேரத்துக்குக் கணவரின் வருவாயும், டாக்கின் நேரத்துக்குக் குடும்பச் சொத்தும் துணைநின்றன. இன்றைய சங்கத் தலைவரின் நேரம், அவரை விடுவிக்க முன்வரும் மருத்துவமனையையும் மேலாளரையும் சார்ந்துள்ளது. ஆள்பற்றாக்குறை மிகுந்த காலத்தில் அந்த விடுவிப்பே முதலில் மறுக்கப்படும். எனவே சங்கத்தின் வலிமை, சங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றால் முடிவுசெய்யப்படுகிறது.

இரண்டாவது, யாரால் தலைமையேற்க இயலும் என்பது. பெரிய மாற்று அறுவை மையங்களில் பலரோடு இணைந்து பணியாற்றும் செவிலியருக்கு மாற்றாள் கிடைப்பார். மாவட்ட மருத்துவமனையில் தனியொருவராகக் கல்லீரல் நோயாளிகள் அனைவரையும் கவனிக்கும் செவிலியருக்கு அவ்வாய்ப்பு இல்லை. இரவுப்பணியும் குழந்தை வளர்ப்பும் முதியோர் பேணலும் உடையோருக்கும் அது அரிது. சங்கத்தின் ஆதரவு மிகவும் தேவைப்படுவோரே அதன் தலைமைக்கு வர இயலாதவராக உள்ளனர். பொதுச் செவிலியர் மன்றத் தேர்தல் வெளிப்படுத்திய இடைவெளி வேறு உருவில் தொடர்கிறது.

மூன்றாவது, சார்பு பற்றியது. சந்தாத் தொகை சிறிதாக இருக்கும் சங்கங்கள் மாநாட்டுச் செலவுக்கு மருந்து நிறுவனங்களின் நிதியுதவியை நாடுவது மருத்துவச் சங்கங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். விலை மிகுந்த புதிய மருந்துகள் வந்த கல்லீரல் துறையில் இது கூடுதல் விழிப்பை வேண்டுகிறது. மற்றொரு சார்பு மருத்துவச் சங்கங்களைப் பற்றியது. மருத்துவர்களின் மாநாட்டோடு இணைந்து கூடுவது செலவைக் குறைக்கும். அறிவுப் பகிர்வை வளர்க்கும். ஆயினும் செவிலியரின் நிகழ்ச்சி நிரலைச் செவிலியரே வகுக்க வேண்டும் என்பது 1890களின் அனுபவம் கற்பிக்கும் பாடம்.

இச்சிக்கல்கள் அனைத்தும் தன்னார்வத்தைக் கைவிட வேண்டும் என்பதற்குக் காரணங்களாகா. பணியிலிருப்போரே தலைமையேற்பதால் விளையும் நன்மை பெரிது. இன்டர்ஃபெரான் காலத்து நோயாளியின் மனச்சோர்வை நேரில் கண்டவரே மாத்திரைக் காலத்து ஆதரவு நெறிகளை எழுதும்போது, அந்நெறிகள் நோயாளியின் வாழ்வோடு ஒட்டியமைகின்றன. ஊதியம் பெறும் நிர்வாகியால் மட்டும் இதனைச் செய்ய இயலாது. தேவைப்படுவது அவ்வுழைப்பு தொழிற்பணியின் ஒரு பகுதி என்னும் ஏற்பு ஆகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

செவிலியர் சங்கங்களில் தன்னார்வத் தலைமை என்பது காலந்தோறும் ஒரே பொருளுடையதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது வருவாய்க் கவலையற்றோரின் தொண்டாகவும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பணியிலிருப்போரின் கூடுதல் உழைப்பாகவும் அமைந்தது.

அரசுப் பதிவேடு பொதுச் செவிலியரின் தகுதியை உறுதிசெய்தது. கல்லீரல் நோய் போன்ற சிறப்புத்துறைகளின் தகுதியை வரையறுக்கும் பொறுப்பில் பெரும்பகுதியைச் செவிலியரின் ஊதியமற்ற உழைப்பு ஏற்றது. நோயாளி பெறும் பராமரிப்பின் தரம் அந்த அளவுக்கு அவ்வுழைப்பைச் சார்ந்துள்ளது.

அவ்வுழைப்புக்கான நேரத்தை மருத்துவமனைகள் பணிநேரமாக ஏற்காதவரை, தலைமை வாய்ப்பு பெரிய மையங்களின் செவிலியரிடமே குவிய நேரிடும். சிறு மருத்துவமனைச் செவிலியரின் குரல் தகுதி வரையறைகளிலும் வழிகாட்டு நெறிகளிலும் குறைந்தே ஒலிக்கும்.

சிறு சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், கணக்கேடுகள், கடிதங்கள் ஆகியவை மருத்துவ வரலாற்றுக்கு உரிய மூலங்கள். பொறுப்பாளர் மாறும்போது அவை ஒருவர் வீட்டிலிருந்து மற்றொருவர் வீட்டுக்குச் செல்கின்றன. சில வேளைகளில் தொலைந்தும் போகின்றன. அவற்றை ஆவணக்காப்பகங்களில் சேர்ப்பதும், ஓய்வுபெற்ற பொறுப்பாளர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்வதும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணிகளாகும். தமிழகத்தில் செயற்படும் செவிலியர் அமைப்புகளின் வரலாற்றையும் இதே நோக்கில் ஆராய்வதற்கு இடமுண்டு.